பசுமைக்குடிலுக்கு ஓர் ஆளைப் போடுங்கள்: உள்ளாட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மன்றத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுக்குக் காய்கறி விளைவிக்க, பள்ளியை ஒட்டிய பொது இடத்தில் சமூகப் பசுமைக்குடில் அமைக்க முடிவெடுத்திருக்கிறீர்கள். மனதார நன்றி சொல்கிறேன். கீரை பறித்த கையோடு உலைக்குப் போவதற்கும், வண்டியிலும் கிடங்கிலும் சில நாள் கிடந்துவிட்டுப் போவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அறை வெப்பத்தில் கிடக்கும் கீரை தன் வைட்டமின் சி சத்தில் பெரும்பகுதியைச் சில நாள்களிலேயே இழந்துவிடும். பள்ளிக்கு அருகிலேயே விளைவிப்பதன் பலன் அங்கேதான் தொடங்குகிறது.

ஆனால் திட்டத்தின் செலவுப் பட்டியலைப் படித்ததும் எனக்குக் கவலை வந்துவிட்டது. இரும்புக் குழாய், பாலித்தீன் தாள், பூச்சி வலை, சொட்டு நீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் பணம் இருக்கிறது. அந்தக் குடிலுக்குள் தினமும் போய்வர வேண்டிய மனிதருக்கு மட்டும் இல்லை. ‘பராமரிப்பைத் தன்னார்வலர்கள் ஏற்பார்கள்’ என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. அந்த வரியை மாற்றுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

நானும் ஒரு தன்னார்வலன்தான். வேறொரு பள்ளியின் குடிலில் நாங்கள் பத்துப் பேர் முறை வைத்து வேலை பார்த்தோம். ஒரு சனிக்கிழமை முறைக்காரருக்குக் காய்ச்சல். அவர் யாரிடமும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. காற்று வர விடும் பக்கவாட்டுத் திரைகள் மூடியபடியே கிடந்தன. நல்ல வெயிலில் மூடிக்கிடக்கும் குடிலுக்குள் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். திங்கட்கிழமை காலையில் நான் கதவைத் திறந்தபோது வெந்த இலையின் வாடைதான் முதலில் வந்தது. குழித்தட்டு நாற்றுகள் அத்தனையும் சாய்ந்து கிடந்தன. காய்ச்சலில் கிடந்தவரை எப்படிக் குறை சொல்வது? பத்துப் பேருடைய பொறுப்பு என்று வைத்திருந்தோம். அன்றைக்கு அது ஒருவருடைய பொறுப்பாகவும் இல்லை. வயலில் இரண்டு நாள் கவனிக்காமல் விட்டாலும் காற்றும் மழையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும். குடிலில் காற்றும் மழையும் நாம்தான்.

தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே காற்று பூவை அசைக்கும், தச்சுத் தேனீ போன்றவை வந்து அதிர வைக்கும், மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். பூச்சி வலைக்குள் தேனீ வராது, காற்றும் குறைவு. பூ விரிந்திருக்கும் நாள்களில் ஒருவர் முற்பகலில் போய், செடி கட்டியிருக்கும் கயிறுகளைத் தட்டிக்கொண்டே நடக்க வேண்டும். வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் வலுவிழந்து, அந்தத் தட்டலும் வீணாகும். ஆகவே திரையை எப்போது தூக்குவது என்பதும் காய்ப்பைத் தீர்மானிக்கிறது. இலைச் சாற்றை உறிஞ்சும் வெள்ளை ஈயும் அப்படித்தான். இலையைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் உள்ள ஆள் பத்து ஈ இருக்கும்போதே கண்டுபிடித்து மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்துவிடுவார். வாரம் ஒருமுறை வருகிறவர் கண்ணில் படும்போது அது ஆயிரமாகியிருக்கும். அப்போது மருந்து தெளிக்கத்தான் கை போகும். தெளித்தால், மருந்தின் எச்சம் குறைவதற்கான காத்திருப்புக் காலம் முடியும்வரை பறிக்க முடியாது, பள்ளிச் சமையலுக்குக் காய் நின்றுபோகும்.

திட்ட அறிக்கையில் ‘அன்றாடத் தேவை முழுவதும் நிறைவேறும்’ என்று இருக்கிறது. தயவுசெய்து அந்த வாக்குறுதியைக் கொடுக்காதீர்கள். பள்ளியில் 200 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் கீரை என்றால் ஒரு வேளைக்கு 10 கிலோ. சதுர மீட்டருக்கு ஒன்றரைக் கிலோ கிடைத்தால் ஏறக்குறைய 7 சதுர மீட்டர் பாத்தியை ஒரே நாளில் அறுத்துவிடுவோம். விதைத்ததிலிருந்து அறுவடைக்கு ஆறு வாரம் ஆகும் என்றால், வாரம் ஐந்து நாளும் கீரை போட 210 சதுர மீட்டர் பாத்தி வேண்டும். நடைபாதை போக 84 சதுர மீட்டர் பாத்தி இருந்தால் வாரம் இரண்டு நாள் தவறாமல் கொடுக்கலாம். ஆறு துண்டாகப் பிரித்து வாரம் ஒரு துண்டு விதைத்துக்கொண்டே வர வேண்டும். ஒரு வாரம் விதைப்புத் தவறினால் ஆறு வாரம் கழித்துப் பிள்ளைகளின் தட்டில் கீரை இருக்காது. உலக சுகாதார நிறுவனம் பத்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் சாப்பிடச் சொல்கிறது. அதை ஒரு குடில் எட்டிவிடாது. வாரத்தில் இரண்டு நாள், அன்று காலை பறித்த கீரை நிச்சயம் என்றால், அதுவே பெரிய காரியம்.

என்ன விதைப்பது என்று முடிவு செய்யும்போது சமையல் செய்யும் அம்மாக்களைக் கேளுங்கள். இதுவரை அவர்களை எந்தக் கூட்டத்துக்கும் அழைத்ததாகத் தெரியவில்லை. மண்ணோடு ஒரு கூடைக் கீரை சமையலறை வாசலில் வந்து இறங்கினால், அதை ஆய்ந்து அலசும் வேலை ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கும் அவர்கள் தலையில்தான் விழும். அலசுவதற்குக் குடிலிலேயே நல்ல தண்ணீரோடு ஒரு தொட்டி கட்டுங்கள். எந்தக் கிழமை எது, எத்தனை கிலோ என்று அவர்கள் சொல்லட்டும், தோட்டம் அதன்படி நடக்கட்டும். மட்காத எருவில் நோய்க்கிருமி இருக்கலாம், அதைப் பாத்தியில் போடவே கூடாது. வெள்ளரியைப் பிள்ளைகள் பச்சையாகத்தான் கடிப்பார்கள்.

பள்ளி விடுமுறையையும் யோசித்தாக வேண்டும். நாள் பார்க்காமல் நட்டால், தக்காளி பழுத்துக் குலுங்கும்போது பள்ளி பூட்டியிருக்கும். நாள்காட்டியில் விடுமுறை தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் நடவு தேதியைக் குறிக்க வேண்டும். நீண்ட விடுமுறை வெயில் காலத்தில் வந்தால் வீணில்லை: பாத்தியை நனைத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் நான்கிலிருந்து ஆறு வாரம் மூடி வைத்தால் மண்ணின் சூட்டிலேயே வேரைத் தாக்கும் நூற்புழுவும் களை விதையும் பெருமளவு அழியும். மழை படாத மண்ணில் உப்பும் சேர்ந்துகொண்டே போகும். தாளை எடுத்த பிறகு நன்றாக நீர் பாய்ச்சி அதையும் கழுவிவிடலாம். இந்த வேலைக்கெல்லாம் விடுமுறையிலும் ஒருவர் வந்தாக வேண்டும்.

ஆகவே என் கோரிக்கை இதுதான்: விவசாய வேலை தெரிந்த ஒருவருக்கு, ஆண்டு முழுவதும், மாதச் சம்பளம் ஒதுக்குங்கள். அவர் விடுப்பு எடுக்கும் நாளுக்கு மாற்று ஆள் யார் என்பதையும் எழுத்தில் வையுங்கள். விதைப்புக்கும் அறுவடைக்கும் பெற்றோரும் பிள்ளைகளும் நாங்களும் வருவோம், ஆசையாக வருவோம். பணம் போதாது என்றால் குடிலின் அளவைப் பாதியாக்குங்கள், ஆளைக் குறைக்காதீர்கள்.

எங்கள் குடிலின் விதைப்பு, அறுவடைக் குறிப்பேடு என்னிடம் இருக்கிறது. செத்துப்போன நாற்றுகளின் கணக்கும் அதில் உண்டு. அடுத்த கூட்டத்தில் பேச இடம் கொடுத்தால் எடுத்து வருகிறேன். சமையலறையிலிருந்தும் ஒருவரை அழைத்திருந்தால் மிகவும் மகிழ்வேன்.

அன்புடன்,
பள்ளிக் குடில் ஒன்றின் தோட்டத் தன்னார்வலர்