உடைந்து வந்த ஒரு புள்ளி

அன்புள்ள செல்வம்,

உன் மெயில் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். சிவகாமி சென்னையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளே கூப்பிடுவாள், மற்ற நாளில் நாங்கள்தான் துரத்த வேண்டும்.

முதலில் உன் சந்தேகம். தண்டர்பேர்டு மெயில் செயலியில் எவ்வளவு மெயிலை அழித்தாலும் கம்ப்யூட்டரில் அது பிடித்த இடம் குறைவதில்லை என்றாயே, அது கோளாறு இல்லை. ஒரு ஃபோல்டரில் இருக்கும் மெயில் எல்லாம் ஒரே நீளக் கோப்பாகத்தான் சேர்கிறது. நீ அழிக்கும்போது அந்த மெயில் குப்பை ஃபோல்டருக்கு நகலாகிறது, பழைய இடத்தில் 'இது வேண்டாம்' என்று ஒரு குறி மட்டும் விழுகிறது. கணக்கு நோட்டில் கோடு போட்டு அடிக்கிற மாதிரி, பக்கம் அப்படியேதான் இருக்கும். குப்பையைக் காலி செய்துவிட்டு, ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து 'காம்பாக்ட்' கொடு. அதற்கு முன்னால் ஒரு பேக்கப் எடுத்துக்கொள்.

ரிட்டயர் ஆகப்போகும் வயதில் தண்டர்பேர்டுக்கு இப்படி ஓசியில் வேலை செய்வது எதற்கு என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்விதான். தண்டர்பேர்டின் 1.0 பதிப்பு 2004 டிசம்பரில் வந்தது. 2012-இல், இதையும் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரையும் வெளியிட்ட மொசில்லாவே இனி இதற்குப் பெரிதாக ஆள் போடப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது. அதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் தன்னார்வலர்கள் விடவில்லை. 2020-இல் மொசில்லா அறக்கட்டளையின் கீழ் தனி நிறுவனம் ஒன்று அமைந்தது. இன்றைக்கு அங்கே சம்பளம் வாங்கி வேலை செய்கிறவர்களுக்கான பணம் பெரும்பாலும் நம்மைப் போன்ற பயனர்கள் தரும் நன்கொடை. விளம்பரம் காட்டாமல், என் மெயிலைப் படித்துக் காசாக்காமல் ஒரு செயலி இருபது வருஷம் ஓடியிருக்கிறது. சும்மா வாங்கித் தின்பதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான்.

கோட் எழுதுகிறேன் என்று பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. கணினிப் பதிப்பைக் கட்ட வேண்டுமானால் ஃபயர்ஃபாக்ஸின் மூலநிரல் முழுவதையும் சேர்த்து இறக்க வேண்டும். என் பழைய லேப்டாப் அதற்கே மூச்சுத் திணறுகிறது. ஆண்ட்ராய்டு பக்கம் பரவாயில்லை. அங்கே கே-9 மெயில் என்று 2008-இலிருந்து ஒரு செயலி இருந்தது (ஒரு பிரிட்டிஷ் டிவி தொடரில் வரும் இயந்திர நாயின் பெயர் அது). 2022-இல் அது தண்டர்பேர்டோடு சேர்ந்தது, 2024 அக்டோபரில் தண்டர்பேர்டு என்ற பெயரிலேயே போனுக்கு வந்தது. அதன் கோட் கிட்ஹப் என்ற கோட் பகிரும் தளத்தில் இருக்கிறது, அளவும் சின்னது.

ஆனால் நான் அதிகம் செய்வது பக் ரிப்போர்ட்டுகளை, அதாவது பயனர்கள் எழுதும் கோளாறுப் புகார்களை, படிப்பது. அதில்தான் ஆள் பஞ்சம் என்பது என் அபிப்பிராயம். மெயில் செயலியில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. படம் திறக்காவிட்டால் அந்தப் படத்தையே அனுப்பலாம். மெயில் சரியாகத் தெரியாவிட்டால் எதை அனுப்புவாய்? உன் பேங்க் கடிதத்தையா, டாக்டர் ரிப்போர்ட்டையா? டெவலப்பரும் கேட்க முடியாது, நீயும் கொடுக்க முடியாது. 'என் மெயில் சரியாக வரவில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அது அப்படியே கிடக்கும். இருபது வயது தாண்டிய ரிப்போர்ட்டுகள் கூட இன்னும் மூடப்படாமல் இருக்கின்றன.

நடுவில் ஒருவர் உட்கார்ந்து, சொந்த விஷயத்தையெல்லாம் உருவிவிட்டு, கோளாறு மட்டும் மிஞ்சும்படி அந்த மெயிலைச் சுருக்கித் தர வேண்டும். எனக்குப் பிடித்துப்போனது அதுதான். ஒரு உதாரணம் சொல்கிறேன், தமிழ் வாத்தியாரான உனக்குப் பிடிக்கும். தெரிந்தவர் ஒருவருக்குப் பள்ளியிலிருந்து 'பெற்றோர் கூட்டம் பற்றி' என்று தலைப்போடு மெயில் வரும். 'கூட்டம்' என்பதில் கடைசிப் புள்ளி மட்டும் போய், அங்கே கறுப்பு டைமண்டுக்குள் கேள்விக்குறியாக நிற்கும். கண்ட்ரோல்-யூ அழுத்தி மூலத்தை, அதாவது மெயில் வந்த அசல் வடிவத்தை, பார்த்தேன். மெயில் தலைப்பில் தமிழை நேரடியாக எழுதாமல் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாற்றித்தான் பெரும்பாலும் அனுப்புகிறார்கள். 1996-இல் வந்த விதிப்படி அப்படிப்பட்ட ஒரு துண்டு 75 எழுத்தைத் தாண்டக் கூடாது. முன்னும் பின்னும் வரும் குறிகள் போக, மூன்று பைட் (கணினி எழுத்தைச் சேமிக்கும் அலகு) நான்கு எழுத்தாக மாறுவதால், உள்ளே 45 பைட்தான் நிற்கும். தமிழில் எழுத்து, அதோடு சேரும் உயிர்மெய்க்குறி, புள்ளி ஒவ்வொன்றும் தனியாக மூன்று பைட், இடைவெளிக்கு ஒன்று. எண்ணிப் பார்: 'பெற்றோர் கூட்டம்' இடைவெளியோடு 46 பைட்! ஒரே ஒரு பைட் கூடுதல். ஒரு எழுத்தின் பைட்டுகளை இரண்டு துண்டாகப் பிரிக்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. அனுப்பும் மென்பொருளை எழுதியவர் அதைப் பார்க்கவில்லை, சரியாக 45-இல் வெட்டிவிட்டார். ஆங்கிலத்தில் எழுதிச் சோதித்திருந்தால் ஜென்மத்துக்கும் தெரிந்திருக்காது. துண்டுகளை ஒட்டிவிட்டுப் பிறகு படிக்கும் செயலிகளில் இது சரியாகவே தெரியும், ஒவ்வொன்றாகப் படிப்பவற்றில் புள்ளி உடையும். அதனால்தான் அவருடைய மனைவியின் போனில் கோளாறு ஒன்றுமே தெரியவில்லை, இவர் மட்டும் புலம்பிக்கொண்டிருந்தார்.

பள்ளி பெயர், பிள்ளை பெயர் எதுவும் இல்லாமல் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து எழுதிக் கொடுத்தேன். அந்த வரியையே கோடோடு தானாக ஓடும் டெஸ்ட்டாகச் சேர்த்துவிட்டால் அப்புறம் யார் கோடை மாற்றினாலும் புள்ளி உடைந்தால் உடனே தெரிந்துவிடும்.

இன்னொன்று. கே-9 கோடில், படம் இல்லாதவர்களுக்குப் பெயரின் முதல் எழுத்தை வட்டத்தில் காட்டும் இடத்தைப் படித்தேன். ஒரு எழுத்து, அதைத் தொடரும் குறிகள் எல்லாம் என்று எழுதியிருந்தார்கள். கோபாலுக்கு 'க' என்று வராமல் 'கோ' என்றே வரும். யாரோ யோசித்திருக்கிறார்கள்! நம் ஸ்ரீதருக்குத்தான் வெறும் 'ஸ்' வரும். அவனிடம் சொல்லாதே, என்னோடு சண்டைக்கு வருவான்.

நீயும் செய்யலாம், கோடே தெரிய வேண்டாம். உன் காலேஜ் சர்க்குலர்கள் சில கட்டம் கட்டமாக வருகிறது என்றாயே, அதில் ஒன்றை ஈஎம்எல் கோப்பாக (மெயிலை மூலத்தோடு அப்படியே வைக்கும் வடிவம்) சேமித்து அனுப்பு. ஃபார்வர்டு செய்யாதே, செய்தால் மூலம் மாறிவிடும். பெயர், நம்பர் ஏதாவது இருந்தால் முதலில் என்னிடம் சொல், எப்படி நீக்குவது என்று போனில் சொல்கிறேன். 'உதவி' மெனுவில் பதிப்பு எண் இருக்கும், அதையும் எழுது. பொங்கலுக்கு வருகிறீர்களா இல்லையா என்று உன் வீட்டம்மாவிடம் கேட்டுச் சொல்.

அன்புடன்,
ராமு