கங்கைக்குப் பொறுப்பான ஐயாமாருக்கு, மூதூரிலிருந்து

வணக்கம். கங்கை என்று இங்கே நாங்கள் சொல்வது இலங்கையின் மகாவலி ஆற்றைத்தான். 335 கிலோமீட்டர் ஓடிக் களைத்து அது கடலில் விழுகிற இடம் திருகோணமலைப் பக்கத்து எங்கள் கொட்டியாரக் குடா. மேலே யார் எதைக் கொட்டினாலும் கடைசியில் வந்து சேர்கிற விலாசம் எங்களுடையது.

அண்மையில் ஆற்றைக் காப்பது பற்றி ஒரு கூட்டம் வைத்தீர்கள், நானும் வந்திருந்தேன். ஆற்றங்கரைச் சனம் குப்பை போடக் கூடாது என்று ஒரு ஐயா அரை மணித்தியாலம் சொன்னார். சரி, போடுகிறோம்தான், சந்தைக்குப் பின்னால் கோழிக்கழிவு கிடப்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் கண்டி நகரத்துக் கழிவு மெத எல என்கிற வாய்க்கால் வழியாக இறங்குவதும், நுவரெலியா மரக்கறித் தோட்டத்து உரமும் மருந்தும் மழையோடு கழுவுப்பட்டு வருவதும் எங்கள் கையிலா இருக்கிறது? அன்று திரையில் காட்டிய ஆற்று வரைபடம் பொலன்னறுவைப் பக்கத்து மன்னம்பிட்டியோடு முடிந்துவிட்டது. நாங்கள் அதற்கும் கீழே இருக்கிறோம்.

வருகிற அழுக்கைக் கழுவிக்கொண்டு போகவும் தண்ணீர் வேண்டுமே. 1976 இல் கண்டிக்குப் பக்கத்துப் பொல்கொல்லையில் ஆற்றை மறித்துத் திருப்பினார்கள், பிறகு கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகலை என்று அணைகள். வயலுக்குத் தண்ணீர் வேண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை, எங்கள் பக்கத்து அல்லை நீர்ப்பாசனத் திட்டத்து வயல்காரரும் கங்கைத் தண்ணீரில்தான் விதைக்கிறார்கள். ஆனால் கச்சான் காற்று அடிக்கிற ஆடி, ஆவணியில் ஆறு மெலிந்து கிடக்கும்போது மிச்சமாக வருவது வயல்வடிச்சலும் ஊர்க்கழிவும்தான். அதோடு ஆற்று மண் அள்ளுகிற வேலை. டிப்பர் டிப்பராக அள்ளி அள்ளி ஆற்றின் அடி தாழ்ந்துபோனால், கோடையில் கடல் சும்மா நிற்குமா, உப்புத் தண்ணீர் உள்ளே ஏறி வருகிறது. எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் அப்பா ஒரு வாயோடு கோப்பையை வைத்துவிடுகிறார், அதே கிணற்றில் குடித்து வளர்ந்த மனிதன்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கங்கைப் பாலத்தடியிலும் வெருகலிலும் மாதம் ஒருமுறை தண்ணீர் எடுத்துப் பாருங்கள். உப்பு எவ்வளவு, உரத்தால் வருகிற நைத்திரேற்று எவ்வளவு, மலக்கிருமி எவ்வளவு என்று தமிழில் எழுதி பிரதேச செயலகச் சுவரில் ஒட்டிவிடுங்கள், நாங்கள் வாசித்துக்கொள்வோம். மாரி வெள்ளத்தில் மட்டும் வந்து எடுத்துவிட்டுப் போக வேண்டாம், அப்போது வெள்ளத்தோடு கலந்து எல்லாம் குறைவாகத்தான் தெரியும். ஆவணியிலும் வாருங்கள். அந்த வரைபடத்தையும் கொண்டு வாருங்கள், மிச்சத்தை நாங்கள் கீறித் தருகிறோம்.