சளிக்காரர் உட்காருவது நாற்காலியில்

ஆசிரியர் அவர்களுக்கு,

'சளி, காய்ச்சலுக்கெல்லாம் ஓடிவருவோரால்தான் அவசர சிகிச்சைப் பிரிவு திணறுகிறது' என்று தலையங்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அங்கே படுக்கையில் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். சளிக்காரர் உட்காருவது நாற்காலியில். சீட்டு வாங்கியதும் போய்விடுவார். படுத்திருப்பவர்கள், காலையிலேயே அட்மிஷன் முடிவாகியும் வார்டில் இடம் கிடைக்காதவர்கள். வார்டில் ரவுண்ட்ஸ் முடிந்து, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதி, பில் கட்டி, ஒரு கட்டில் காலியாவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். ஒரு படுக்கை 12 மணி நேரம் அடைபட்டால், தலா 3 மணி நேரம் தேவைப்படும் நான்கு பேருக்கு இடம் போயிற்று. தாங்கள் அறியாததல்ல.

வருகிறவர் நோயின் பெயரோடு வருவதில்லை, தொந்தரவோடு வருகிறார். சர்க்கரை நோயாளி சொல்லும் நெஞ்செரிச்சல் மாரடைப்பாக இருக்கலாம். அதற்காகத்தான் வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி. வெறும் வாயு என்று தெரிவதே அதற்கப்புறம்தான். வீட்டிலேயே தெரிந்துகொண்டு வரவேண்டும் என்கிறீர்கள், நல்ல யோசனை!

வேண்டாத வேலையை உள்ளே தள்ளுவது பெரும்பாலும் மருத்துவமனையேதான். நாய்க்கடிக் காயத்தை 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவுவது, காயத்துக்குள்ளும் சுற்றியும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப்பொருள் ஊசி போடுவது, முதல் தடுப்பூசி எல்லாம் அவசரப் பிரிவு வேலை, சரி. மூன்றாம் நாள், ஏழாம் நாள் ஊசிகளின் தேதி அட்டையிலேயே இருக்கிறதே? அன்று ஞாயிறு, ஊசி அறைக்குப் பூட்டு. ஆகவே அவசரப் பிரிவு! சிறுநீர் அடைத்து அடிவயிறு வீங்கி வருபவருக்கு உடனே குழாய் போடவேண்டும். வழக்கமான குழாய் மாற்றத்துக்கு என்ன அவசரம்? ரத்த அழுத்தம் 180/110 என்று கண்டதும் புறநோயாளிப் பிரிவிலிருந்து சக்கர நாற்காலியில் அனுப்பிவிடுகிறார்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் எதுவும் இல்லையா, மாத்திரையை அங்கேயே சரிசெய்து, சில நாளில் மறுபடி பார்த்தால் போதும். சடாரென்று இறக்கினால் மூளைக்குப் போகும் ரத்தம் குறையும். ஆபரேஷனுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையும் மெடிக்கல் சர்டிபிகேட்டும்கூட எங்கள் தலையில்தான்.

ஊசிக்கும் கட்டு மாற்றுவதற்கும் தனியாக ஓர் அறை, ஞாயிறு உட்பட இரவு 8 மணி வரை. இதைத் தங்கள் பத்திரிகை வலியுறுத்தினால் போதும். இயலாதென்றால், அடுத்த தலையங்கத்திலாவது சளிக்காரரை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
அவசர சிகிச்சைப் பிரிவு செவிலியர் ஒருவர்