பேய்க்குட்டிக்கும் வகுப்பு வாங்கில் ஓர் இடம்

வன்னியின் பாடசாலை நூலகங்களுக்கும் பிரதேச சபை நூலகங்களுக்கும் புத்தகம் தெரிவு செய்கிறவர்களுக்கு,

வணக்கம். குட்டிப் பேயும் குட்டிப் பூதமும் நாயகர்களாக வருகிற சிறுவர் நாவல்களை நீங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது பற்றி எழுதுகிறேன். "இந்தப் பிள்ளைகள் பட்டது போதும், பயப்படுத்துகிற கதை வேண்டாம்" என்று ஒரு தெரிவுக் குழுவில் சொன்னார்கள். அக்கறையோடுதான் சொன்னார்கள். ஆனால் இந்த நாவல்களில் பயந்துபோய் நிற்பது பேய்க்குட்டிதான். பல் நீளம், வாலும் இருக்கிறது, தன்னை யார் சேர்ப்பார்கள் என்று வகுப்பு வாசலில் தயங்குகிறது.

அந்தத் தயக்கம் எங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கேதான் பிறந்தார்கள். இருந்தும் "நீங்கள் எந்த ஊர்?" என்ற கேள்வி விளையாட்டுத் திடல்வரை அவர்களைத் துரத்துகிறது. 2009 போரில் ஒரு காலை இழந்த தகப்பனோடு சந்தைக்குப் போகிற பிள்ளையைச் சனம் எப்படிப் பார்க்கிறது என்று நீங்களும் கண்டிருப்பீர்கள். இதையெல்லாம் நேரே சொன்னால் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வால் முளைத்த ஒரு குட்டியின் கதையாகச் சொன்னால் கடைசிவரை கேட்கும், பிறகு தானாகவே கதைக்கத் தொடங்கும்.

பேய் எங்கள் இலக்கியத்துக்கு அந்நியமா என்ன? காரைக்கால் அம்மையார் பேயுருவைக் கேட்டு வாங்கியவர். கண்டவர்கள் அஞ்சி ஓடினார்கள், கயிலையில் சிவன் "அம்மையே" என்று அழைத்தார். கலிங்கத்துப்பரணியில் பழைய போர்களில் உடல் ஊனமான பேய்களும் உண்டு. போர்க்களத்தில் பேய்கள் சமைத்த கூழை வார்க்கும்போது கையால் சைகை காட்டிக் கேட்கிற ஊமைப் பேயும் விருந்தாய் வந்த பேயும் விடுபடுவதில்லை. அந்தப் போர்க்களக் கூழைப் பிள்ளைகளுக்கு ஊட்டச் சொல்லவில்லை. ஒருவரையும் விடாமல் பந்தியில் இருத்துகிற அந்த மனசைத்தான் கேட்கிறேன்.

சரி, எல்லாப் பேய்க் கதையையும் வாங்குங்கள் என்றும் சொல்லமாட்டேன். கடைசிப் பக்கத்தில் வால் விழுந்து, பல் சிறுத்து, மனிதப் பிள்ளையாக மாறியபிறகு எல்லாரும் சேர்த்துக்கொள்கிற கதையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நீ மாறினால்தான் உனக்கு இடம் என்று அது பிள்ளைக்குச் சொல்லிவிடும். வாலோடேயே வகுப்பு வாங்கில் இடம் கிடைக்கிற கதையைத் தேடுங்கள். முத்தையன்கட்டுக் குளக்கட்டிலும் பாலைமரத்தடியிலும் வாழ்கிற பூதக்குட்டியை எழுத எங்கள் ஊரிலேயே ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடமும் கேளுங்கள்.

வாங்கியதை அலுமாரியில் பூட்டி வைக்காதீர்கள். அடுத்த தெரிவுக் கூட்டத்துக்குத் தரம் 6, 7 பிள்ளைகள் சிலரையும் கூப்பிட்டு, புத்தகங்களை அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள்.

அன்புடன்,
துணுக்காயிலிருந்து ஒரு வாசிப்பு வட்டத்து ஆசிரியை