அண்ணனுக்கு, அந்த வெள்ளை அட்டை பற்றி

அண்ணே,

அம்மாவின் முதல் திதிக்கு ஐயரிடம் சொல்லியாகிவிட்டது என்று அண்ணி மெசேஜ் போட்டிருந்தார். நீ போடவில்லை. நான் வாட்சப்பில் எழுதுவதெல்லாம் நீல டிக்கோடு நின்றுவிடுகிறது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். மலேசியாவில் நம் ஊர் பத்தாங் பெர்ஜுந்தையில் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள். பேச்சு வராத உன் சின்ன மகன், நம் சின்னவன், அவன் பெயர் வராது. ஆஸ்பத்திரியில் யார் என்ன சொன்னார்கள் என்பதும் வராது. பயப்படாதே.

பதினாறாம் நாள் ராத்திரியைப் பற்றித்தான் பேச வேண்டும். வாசலில் போட்ட கெமா (கூடாரம்) இன்னும் பிரிக்கப்படவில்லை. பெரியப்பா வீட்டு ஆட்கள் எல்லாரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவன், தனக்கு வேண்டியதை அட்டை கொடுத்துக் கேட்கிறவன், தன் அட்டை ஃபைலிலிருந்து எதையோ பிய்த்து, நேராக உன்னிடம் வந்து, உன் உள்ளங்கையை விரித்து வைத்தான். படம் இல்லாத வெள்ளை அட்டை. நீ அதைப் படித்தாய். 'பாட்டி'.

பாட்டி போட்டோ இருந்த அட்டையை இரண்டாம் நாளே நீ எடுத்து ஒளித்துவிட்டாய், எனக்குத் தெரியும். வருகிறவர் போகிறவர் கையிலெல்லாம் அவன் அதைத் திணித்துக்கொண்டிருந்தால் எந்த அப்பனால்தான் தாங்க முடியும்? ஆனால் எழுத்து மட்டும் இருக்கும் அட்டை கடைசிப் பக்கத்தில் இருப்பது உனக்குத் தெரியாது. அவன் அதை வாசித்து எடுத்து வந்தான். 'ப'வும் 'ட'வும் தெரிந்து வாசிப்பதில்லை. 247 எழுத்தை வரிசையாகக் கற்றுக்கொடுத்து முடித்த பிறகுதான் வாசிப்பு என்றால், என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஒரு சொல்லைக்கூட வாசிக்காமலே வீட்டுக்குப் போவார்கள். 'கொய்யா' என்று எழுதினால் கொம்பு முன்னால் நிற்கும், கால் பின்னால் நிற்கும், அந்தக் குழப்பம் அவனுக்கு எதற்கு? படத்துக்குக் கீழே சொல். படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாக்குவோம். கடைசியில் சொல் மட்டும் மிஞ்சும்.

"இதுக்குத்தான் படிச்சுக் குடுத்தியா?" என்று கேட்டாய்.

"ஆமாண்ணே, இதுக்குத்தான்" என்றேன், அத்தனை பேர் முன்னாலும் குரலை உயர்த்தி. குரலுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சொன்ன வார்த்தைக்குக் கேட்க மாட்டேன். நீ மட்டும் மெதுவாகவா கேட்டாய்?

அட்டை கொடுத்துக் கேட்கும் இந்த முறைக்குப் பெக்ஸ் (PECS) என்று பெயர். இதை அமெரிக்காவில் டெலவேர் மாநிலத்தில் 1985இல் போண்டி, ஃப்ராஸ்ட் என்ற இருவர் உருவாக்கினார்கள். தொடக்கத்தில் பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும். முன்னால் இருப்பவர் பிள்ளைக்குப் பிடித்ததைக் காட்டிக்கொண்டு வாய் திறக்காமல் காத்திருப்பார். பின்னால் இருப்பவர் பிள்ளையின் கையைப் பிடித்து அட்டையைக் கொடுக்க வைப்பார், அவரும் பேசக் கூடாது. "என்ன வேணும்?" என்று கேட்டால் பிள்ளை எப்போதும் அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பான், தானாக வந்து கேட்கப் பழக மாட்டான். உன் வீட்டில் முன்னால் உட்கார்ந்தது யார்? தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கங்காணியையே வாயடைக்க வைத்த நம் அம்மா. மைலோ டம்ளரோடு, உதட்டைக் கடித்துக்கொண்டு. கைநாட்டு வைக்கிறவர். சொல் அட்டைக்கு மாறியபோது என்னிடம்தான் சண்டைக்கு வந்தார்: "படத்த எடுத்துட்டா எனக்கு எப்படிடி தெரியும்?" அவருக்காகவே பாதி அட்டைகளின் மூலையில் குட்டிப் படம் ஒட்டி வைத்தேன்.

அட்டையைக் கொடுத்தால் கேட்டது கிடைக்கும் என்பதுதான் அவனுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்தது. 'இல்லை' என்பதையும் பிறகு பழக்கினோம். பிஸ்கட் தீர்ந்தால் அந்த அட்டையின் மேல் சிவப்புக் கோடு. அம்மா முகத்தின் மேல் அந்தக் கோட்டைப் போட எனக்கே கை வராது. உனக்கு எப்படி வரும்? அதனால் படத்தை ஒளித்ததற்கு உன்மேல் எனக்குக் கோபமே இல்லை.

ஃபைல் முழுவதையும் அலமாரி மேல் தூக்கிப் போட்டாயே, அதற்குத்தான் கோபம். ஒரு வருஷமாக வீட்டில் தண்ணீர் கேட்கவும் அவனுக்கு வழியில்லை. அண்ணி கையைப் பிடித்து இழுக்கிறான், புரியவில்லை என்றால் கத்துகிறான், நீ "அடங்க மாட்டேங்கிறான்" என்கிறாய். ஆள் பேசுகிற வாயைப் பிடுங்கி மேலே வைத்துவிட்டு, அடங்கவில்லை என்றால் எப்படி? அட்டை பழகினால் பேச்சே வராது என்று உன்னிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆராய்ச்சிகளில் அப்படித் தெரியவில்லை. சில பிள்ளைகளுக்கு அட்டையோடு சேர்ந்து பேச்சு கூடியும் இருக்கிறது. அவனுக்கும் கூடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை, கொடுத்ததும் இல்லை.

படிக்கிறவர்களுக்கு ஒன்று. என் அண்ணன் மோசமான அப்பா என்று யாரும் கீழே எழுத வேண்டாம். ஓகேயூ கார்டுக்காக (மாற்றுத்திறனாளி அட்டை) லீவு போட்டு, கெபாஜிகான் (சமூகநல) ஆபிஸில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றவன் அவன். தோட்டத்து லய வீடுகளில் எத்தனை அப்பன்மார் அதைச் செய்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

திதி அன்று ஃபைலை அவனிடம் கொடு. அந்த அட்டையை நிச்சயம் எடுப்பான். வாங்கிக்கொள், அவனை மாலை போட்ட படத்தின் முன்னால் நிறுத்து, 'பாட்டி இல்லை' என்று சொல். நான் சொன்னால் அது பாடமாகிவிடும். நீ சொல்.

அடுத்த வருஷம் இடைநிலைப்பள்ளி, எல்லாம் மலாயில். 'தண்ணீர்' இருந்த இடத்தில் 'ஆயர்' என்று ரூமியில் (மலாய்க்கான ரோமன் எழுத்தில்) ஒட்டினால் போதும், படம் அதேதான். ஆனால் அங்கே இருக்கிற ஆசிரியர் இவனுக்கு வாசிக்கத் தெரியும் என்பதை யார் சொல்லி நம்புவார்? ஆர்பிஐ (பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டம்) கூட்டத்துக்கு இந்த முறை அண்ணியை அனுப்பாதே, நீயே வா. ஃபைலையும் கொண்டு வா. வெல்க்ரோ தேய்ந்திருக்கும், புதிது வாங்கி வைத்திருக்கிறேன்.

உன் தங்கச்சி