ஆசிரியர் சங்க வட்டாரக் கிளைச் செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

தலைவர் அவர்களே, மாவட்டப் பொறுப்பாளர்களே, சனிக்கிழமை என்றும் பாராமல் வந்திருக்கும் ஆசிரியத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம்மைவிட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்குக் கிளையின் அஞ்சலி. அவர்களில் ஒருவர் பங்களிப்பு ஓய்வூதியத்தில் இருந்தவர். துக்கம் விசாரிக்கப் போனபோது அவருடைய மனைவி, “மாசா மாசம் பிடிச்சாங்களே சார், பென்ஷன் வருமா?” என்று கேட்டார். பிடித்த பணமும் அரசின் பங்கும் மொத்தமாக வரும், மாதாமாதம் ஒன்றும் வராது என்று சொல்லிவிட்டு வந்தோம். 1.4.2003-க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த எல்லாருக்கும் இதே கதைதான். அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் பத்து விழுக்காடு போகிறது, ஓய்வுக்குப் பின் என்ன கிடைக்கும் என்பது தெரியவில்லை. ஓய்வூதியத்தை ஆராயப் பிப்ரவரியில் அரசு அமைத்த ககன்தீப் சிங் பேடி குழுவின் முடிவுக்காக இந்த ஆண்டு மாநிலமே காத்திருந்தது. ராஜஸ்தானும் இமாச்சலப் பிரதேசமும் மாதாமாதம் உறுதியாகக் கிடைக்கும் பழைய ஓய்வூதியத்துக்குத் திரும்பியதை நம் மனுவில் சேர்த்திருக்கிறோம்.

அடுத்து, கிளையின் முக்கிய வேலை. ஆண்டுத் தொடக்கத்தில் நடந்த செயற்குழுவில் ஒரு முடிவு எடுத்தோம். இருக்கிற கோரிக்கை எல்லாவற்றையும் ஒரே தாளில் அடுக்கிச் சட்டமன்ற உறுப்பினர் முதல் தாசில்தார் வரை எல்லாரிடமும் கொடுப்பது ஊர் வழக்கம். வாங்குகிறவர் போட்டோவுக்கு நின்றுவிட்டு உதவியாளரிடம் தள்ளிவிடுவார். இந்த முறை யாரால் எது முடியுமோ அதை மட்டும் அவரிடம் கேட்பது, ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை என்று தீர்மானித்தோம். ஊதிய முரண்பாடு மாநில நிதித்துறை சம்பந்தப்பட்டது, அது சட்டமன்ற உறுப்பினருக்கு. ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) நாடாளுமன்றச் சட்டம் சம்பந்தப்பட்டது, அது எம்.பி.க்கு. பள்ளியில் ஆள் இல்லாத பிரச்சினை மாவட்ட ஆட்சியருக்கு.

சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போனபோது முழக்க அட்டை எதுவும் கொண்டுபோகவில்லை. ஒரே பள்ளியில் பக்கத்துப் பக்கத்துத் தொடக்க வகுப்பு எடுக்கும் இரண்டு இடைநிலை ஆசிரியர்களின் சம்பளப் பட்டியலை மேஜையில் வைத்தோம். அவர் பார்த்துவிட்டு, “இவங்க சீனியர், கூடத்தானே வரும்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலை நம் மகளிர் அணிச் செயலாளர் பேனாவை எடுத்து, அந்தப் பட்டியலின் பின்பக்கத்திலேயே போட்டுக் காட்டினார்.

ஆறாவது ஊதியக் குழுவுக்கான அரசாணை 1.6.2009 தேதியில் வந்தது. அதற்கு முந்தின நாள் வரை பணியில் இருந்தவருக்குப் பழைய அடிப்படை 4,500-ஐ 1.86-ஆல் பெருக்கி 8,370. பதவியின் படிநிலைக்கான தர ஊதியம் 2,800 சேர்த்து 11,170 ரூபாய். ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200-உம் 2,800-உம் சேர்த்து 8,000. ஒரே படிப்பு, ஒரே பாடப்புத்தகம், ஒரே வேலை நேரம். ஒரு நாள் தள்ளிச் சேர்ந்ததற்கு 3,170 ரூபாய் குறைவு. ஏழாவது ஊதியக் குழுவில் எல்லாவற்றையும் 2.57-ஆல் பெருக்கினார்கள். அந்தக் கணக்கில் இந்த 3,170-உம் பெருகி 8,000-ஐத் தாண்டிவிட்டது. அகவிலைப்படி அதன் மேல் ஏறுகிறது. கேந்திரிய வித்யாலயாவில் இதே வகுப்புகளை எடுப்பவருக்கு ஆறாவது குழுவிலேயே 9,300 அடிப்படை, 4,200 தர ஊதியம் என்பதையும் கீழே எழுதிவைத்தார்.

சட்டமன்ற உறுப்பினர் கொஞ்ச நேரம் தாளைப் புரட்டிப் பார்த்தார். “இவ்வளவு நாளா இதை இப்படி யாரும் சொல்லலையே” என்றார். சொல்லாமல் என்ன? 2018 டிசம்பரிலும் 2022 டிசம்பரிலும் நம்மவர்கள் சென்னையில் கல்வித்துறை வளாகத்தில் பட்டினி கிடந்தே சொன்னார்கள். 2023 ஜனவரியில் மூன்று பேர் குழு ஒன்றும் அமைத்தார்கள். குழு இருக்கிறது, சம்பளப் பட்டியல் மாறவில்லை. ஆனால் அவரிடம் அதைக் காட்டிச் சண்டை போடவில்லை. நிதி அமைச்சருக்கும் பள்ளிக்கல்வி அமைச்சருக்கும் அவர் எழுதிய கடித நகல் நம் கோப்பில் இருக்கிறது. கடிதத்தோடு இரண்டு பட்டியல்களையும் இணைத்திருக்கிறார். அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

தகுதித் தேர்வு விஷயம். செப்டம்பர் 1-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நம்மில் பலர் தூக்கத்தைக் கெடுத்தது. ஐந்து ஆண்டுக்கு மேல் பணிக்காலம் பாக்கி உள்ளவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும், குறைவாக உள்ளவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 23.8.2010-இல் தகுதித் தேர்வைக் கொண்டுவந்தபோது, அதற்கு முன் நியமனமானவர்களுக்கு அது தேவையில்லை என்று அந்த அறிவிப்பிலேயே எழுதியிருந்தது. அதை நம்பித்தான் இருந்தோம். இப்போது, இருபது வருஷமாக வகுப்பெடுக்கும் நம் உறுப்பினர் ஒருவர், பி.எட். படிக்கும் மகளோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து தகுதித் தேர்வின் குழந்தை மேம்பாட்டுப் பாடத்துக்கான கைடைப் படித்துக்கொண்டிருக்கிறார். மாநில அரசு சீராய்வு மனு போட்டிருக்கிறது, நல்லது. ஆனாலும் நிரந்தரத் தீர்வு கல்வி உரிமைச் சட்டத்தில் ஆசிரியர் தகுதியைச் சொல்லும் 23-ஆம் பிரிவைத் திருத்துவதில்தான் இருக்கிறது. எம்.பி.யிடம் கேட்டது அது ஒன்றுதான். குளிர்காலக் கூட்டத்தொடரில் பேச முயற்சி செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

பணிச்சூழல். நம் வட்டாரத்தில் ஈராசிரியர் பள்ளிகள்தான் அதிகம். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியதும் வாக்குச்சாவடி நிலை அலுவலராக ஒருவர் வீடு வீடாகப் படிவம் கொடுக்கப் போய்விட, மிச்சமிருந்தவர் ஐந்து வகுப்பையும் ஒரே வராண்டாவில் உட்கார வைத்தார். எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பயிற்சிப் புத்தகம் ஒரு பக்கம், காலை உணவுச் சாப்பாட்டுக் கணக்கு ஒரு பக்கம். எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் வருகைப்பதிவு ஏற, சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போய்ப் போனை உயர்த்திப் பிடிக்க வேண்டும். அந்த இடைவெளியில் இரண்டாம் வகுப்புப் பையன் வாசலைத் தாண்டிவிட்டால் மெமோ யாருக்கு வரும் என்று சொல்லத் தேவையில்லை. தேர்தல் பணிக்கு ஆசிரியரை எடுக்கக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவே இடம் கொடுக்கிறது, அதனால் அதை ஒரேயடியாக எதிர்த்து மனு எழுதவில்லை. ஈராசிரியர் பள்ளியிலிருந்து எடுக்காதே, எடுத்தால் அன்றைக்கு மாற்று ஆள் அனுப்பு என்று மட்டும் கேட்டோம். ஆட்சியர் அலுவலகத்தில் ஒப்புகைச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள்.

பெண் ஆசிரியர்களுக்குத் தனிக் கழிப்பறை, துப்புரவுப் பணியாளர் சம்பளம் நேரத்துக்கு வராதது, தொடக்கக் கல்வி ஆசிரியர் பதவி உயர்வுக்கு மாநில அளவிலான பணிமூப்பைக் கொண்டுவந்த அரசாணை 243 ஆகியவற்றில் சென்ற ஆண்டு நிலையே நீடிக்கிறது.

பகுதிநேர ஆசிரியர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓவியம், உடற்கல்வி, கணினி என்று 2012-இல் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்தவர்கள் இந்த 2025-இல் 12,500 வாங்குகிறார்கள். இந்த ஆண்டு வரை மே மாதம் சம்பளம் கிடையாது. நம் ஓவிய ஆசிரியர் ஒருவர் மே மாதத்தில் கல்யாண மண்டபங்களில் மேடை அலங்காரத்துக்குப் போகிறார். அவர்கள் நிரந்தரம் செய்யப்படுவார்கள் என்பது தி.மு.க.வின் 2021 தேர்தல் அறிக்கையில் இருந்த வாக்குறுதி. சம்பளம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதியில் வருவதால், டெல்லி பணத்தை நிறுத்தினால் அடி முதலில் இவர்களுக்கு. இவர்களை நம் கிளையில் முழு உறுப்பினராகச் சேர்க்கும் தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது. சந்தா பாதியாக இருக்கட்டும் என்பது என் கருத்து.

கிடைத்ததையும் சொல்லிவிடுகிறேன். கொரோனாவைக் காட்டி 2020-இல் நிறுத்திய ஈட்டிய விடுப்புச் சரண்டர் (விடுப்பை ஒப்படைத்துப் பணம் பெறுவது), 15 நாள் அளவில் அக்டோபர் 1 முதல் திரும்ப வந்திருக்கிறது. நவம்பர் 18 அடையாள வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டு ஒரு நாள் சம்பளத்தை விட்டவர்களுக்குக் கிளையின் நன்றி. வாட்ஸாப் குழுவில் தினமும் புரட்சி செய்கிற சிலர் அன்று வருகைப்பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வகுப்பில் இருந்தார்கள். பெயர் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு சட்டமன்றத் தேர்தல். தொகுதியில் நிற்கும் ஒவ்வொரு வேட்பாளரிடமும், எந்தக் கட்சியானாலும் சரி, அந்த இரண்டு சம்பளப் பட்டியலைக் கொடுத்து, முரண்பாட்டைச் சரி செய்யச் சட்டமன்றத்தில் பேசுவீர்களா என்று எழுத்தில் பதில் வாங்க வேண்டும். பதில்களை அப்படியே அச்சடித்து உறுப்பினர்களுக்குக் கொடுப்போம். கிளை யாருக்கும் ஓட்டுக் கேட்காது. இதற்காக ஐந்து பேர் கொண்ட குழுவை இன்றே தேர்ந்தெடுக்க வேண்டும், விருப்பமுள்ளவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன் தலைவரிடம் பெயர் கொடுக்கவும்.

இந்த அறிக்கையை ஏற்று ஒப்புதல் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்துப் பொருளாளர் வரவு செலவுக் கணக்கை வாசிப்பார்.

வட்டாரச் செயலாளர்