அபராதம் கட்டினால் லாரியின் எடை குறைந்துவிடாது

தமிழ்நாடு போக்குவரத்து, நெடுஞ்சாலை, கனிமவளத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். அனுமதிக்கு மீறிப் பாரம் ஏற்றிய லாரிகள் பழைய பாலங்களின் மேல் போவதைப் பற்றி எழுதுகிறேன். மூன்று துறைக்கும் ஒரே மடலாக எழுதக் காரணம் உண்டு. லாரி ஒருவர் பொறுப்பு, பாலம் இன்னொருவர் பொறுப்பு, லாரியில் இருக்கும் எம் சாண்ட், அதாவது பாறையை உடைத்துச் செய்யும் மணல், மூன்றாமவர் பொறுப்பு. தனித்தனியாக எழுதினால் மனு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

பாலம் இல்லாத கஷ்டம் திருச்சிக்காரர்களுக்குத் தெரியும். 1976இல் திறந்த காவிரிப் பாலத்தை, பேரிங்குகளும் (தூணின் மேல் தளத்தைத் தாங்கும் உறுப்புகள்) இணைப்புகளும் தேய்ந்ததால் 2022 நவம்பரில் மூடி, 2023 மார்ச்சில்தான் மறுபடி திறந்தார்கள். நடுவில் வைகுண்ட ஏகாதசியே வந்து போனது. ஸ்ரீரங்கம் போக ஓயாமரி வழியாகச் சுற்றினோம். கொள்ளிடத்தில் 1928இல் கட்டிய இரும்புப் பாலம் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடிந்தபோது ஓர் உயிர்கூடப் போகவில்லை. 2016இல் புதுப் பாலம் வந்ததும் பழையதில் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள், அதனால் தப்பித்தோம்.

குஜராத்தில் அப்படி நடக்கவில்லை. மகிசாகர் ஆற்றின் மேல் இருந்த கம்பீரா பாலம் 1985இல் திறந்தது, வயது நாற்பதுதான். 2025 ஜூலை 9 அன்று வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே உடைந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். ஓவர்லோடுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. தாங்கு பீடமும் இணைப்பும் நசுங்கிவிட்டதாக அந்த மாநில அரசே சொன்னது. கனரக வண்டி ஒவ்வொன்றும் போகும்போது அடி வாங்குவதும் அதே உறுப்புகள்தான்.

இப்போது ஒரு பத்துச் சக்கர டிப்பரை எடுத்துக்கொள்வோம். சரக்கோடு சேர்த்து அதற்கு அனுமதி 28.5 டன். 2018 வரை 25 டன்தான் இருந்தது. மத்திய அரசு உயர்த்திக் கொடுத்தது. பாலங்களின் வயது மட்டும் குறையவில்லை. வண்டியின் சொந்த எடை 11 டன் என்று வைத்தால் மிச்சம் 17.5 டன். எம் சாண்ட் ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, சுமார் நாலரை டன் வரும். ஆக, நாலு யூனிட்டுக்கே எல்லை தொட்டுவிடும். பக்கப் பலகையை உயர்த்தி ஆறு யூனிட் ஏற்றினால் மொத்தம் 38 டன். எடை மூன்றில் ஒரு பங்கு கூடினால் சேதமும் அவ்வளவுதானே கூடும் என்று நினைக்கக் கூடாது. சாலைப் பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்குப்படி சேதம் அச்சு எடையின் நான்காம் அடுக்கில் ஏறும். எடை 4/3 மடங்கானால், 4/3-ஐ நான்கு முறை எழுதிப் பெருக்க வேண்டும். அதாவது தார்ச் சாலைக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அடி.

பாலம் அதைவிடக் கெட்டிதான். ஒரு 38 டன் லாரி போனதும் இடிந்துவிடாது, அந்த அளவுக்கு உபரி பலம் வைத்துத்தான் கட்டுகிறார்கள். ஆனால் துரு ஏறி, கான்கிரீட் உதிர்ந்து, அந்த உபரியில் எவ்வளவு மிச்சம் என்று தெரியாத பழைய பாலத்தில், ராத்திரி நாலைந்து லாரிகள் ஒன்றின் பின் ஒன்றாக நிற்பதுதான் என் பயம்.

சட்டம் பலவீனமாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவுப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். மேலே சொன்ன லாரிக்கு 39,000 ரூபாய் வரும். அதே பிரிவில் இன்னொரு வரியும் இருக்கிறது: கூடுதல் பாரத்தை இறக்கும்வரை வண்டியை நகர விடக் கூடாது. அந்த வரிதான் பாலத்தைக் காப்பாற்றும். ரசீது போட்டு, பணம் கட்டி, அதே லோடோடு லாரி பாலம் ஏறினால் கஜானாவுக்கு வரவு, தூணுக்கு ஒன்றுமில்லை.

இறக்கச் சொன்னால் எங்கே இறக்குவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பழைய பாலங்களுக்கு முன்னால் ஒரு எடைமேடையும் சரக்கைக் கொட்ட ஓர் இடமும் வேண்டும். அதைவிட நல்லது, கிளம்பும் இடத்திலேயே நிறுத்துவது. குவாரியிலும் கிரஷரிலும் எடை போட்ட சீட்டு இல்லாமல் நடைச்சீட்டு, அதாவது சரக்கை ஏற்றிச் செல்லும் அனுமதிச் சீட்டு, தரக் கூடாது. டிரைவரை மட்டும் பிடித்துப் பயனில்லை. டீசல், டோல், கூலி எல்லாம் கழித்தால் அந்த ஆறாவது யூனிட்டில்தான் லாபம் நிற்கிறது. ஒருவர் மறுத்தால் பின்னால் வரிசையில் நிற்பவர் ஏற்றிக்கொள்வார். 194ஆம் பிரிவு ஓட்டியவரை மட்டும் சொல்லவில்லை, ஓட்டச் செய்தவரையும் சொல்கிறது.

உயரமான வண்டிகளை மறிக்கும் குறுக்குக் கம்பியை நட்டுவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடாதீர்கள். ஜல்லிக்கும் மணலுக்கும் கனம்தான் அதிகம், உயரம் கிடையாது. கம்பியின் உயரத்துக்குள் வரும் டிப்பர் எவ்வளவு கனமாக இருந்தாலும் அடியில் நுழைந்துவிடும்.

அப்புறம், செலவே இல்லாத ஒரு கோரிக்கை. ஒவ்வொரு பழைய பாலத்தின் இரு முனையிலும் கட்டிய ஆண்டு, கடைசியாகச் சோதித்த தேதி, அனுமதித்த எடை ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். திறப்பு விழாக் கல்வெட்டுக்கு இடம் இருக்கிறது, இதற்கும் இருக்கும்.

இப்படிக்கு,
திருச்சிவாசி ஒருவர்